தீட்டுக்கம்பி போட்டும் கத்தி வெட்டவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கத்தியோடு சேர்ந்து வரும் அந்த நீளமான கம்பியை ஹோனிங் ராட் என்பார்கள், தீட்டுக்கம்பி என்றும் சொல்வார்கள். அதன் வேலை மடிந்த வாயை நிமிர்த்துவது. கூரான கத்தியின் வாய் தலைமுடியைவிட மெல்லியது. வெட்டுப்பலகையில் மோதும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்கிறது. உலோகம் அங்கேயேதான் இருக்கிறது, நேராக நிற்கவில்லை, அவ்வளவுதான். கம்பியில் இழுத்தால் நிமிர்ந்துகொள்ளும். கோடு போட்ட கம்பியும் பீங்கான் கம்பியும் இதோடு மிக மெல்லிதாகக் கொஞ்சம் உலோகத்தைச் சுரண்டவும் செய்யும்.

வாய் தேய்ந்து உருண்டுபோயிருந்தால் நிமிர்த்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. நூறு தடவை இழுத்தாலும் பலன் இராது, சாணைக்கல்தான் வழி. அதனால் கம்பியைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: வாய் மடிந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா, பல் விழுந்திருக்கிறதா (சின்னச் சின்னதாக உடைந்திருக்கிறதா)?

எது என்று கண்டுபிடிக்க

பிரகாசமான விளக்கின் கீழ் கத்தியின் வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது, கறுப்பாகவே தெரியும். நீளமாக ஒரு வெள்ளைக் கோடு மின்னினால் வாய் மடிந்திருக்கலாம், உருண்டிருக்கலாம். அங்கங்கே புள்ளி புள்ளியாக மின்னினால் அந்த இடங்களில் பல் விழுந்திருக்கிறது அல்லது நசுங்கியிருக்கிறது.

மடிப்பா தேய்மானமா என்பதைக் கட்டைவிரல் சொல்லும். கத்தியின் முதுகிலிருந்து வாயை நோக்கி, அலகின் குறுக்காக, விரலை மெல்ல நகர்த்தி வெளியே எடுங்கள். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டக்கூடாது. ஒரு பக்கம் விரலில் ஏதோ தட்டுகிறது, மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் வாய் தட்டுகிற பக்கமாக மடிந்திருக்கிறது. கம்பி போட்டால் சரியாகும். இரண்டு பக்கமும் தட்டவே இல்லை, ஆனால் விளக்கில் கோடு மின்னுகிறது என்றால் தேய்ந்துவிட்டது.

மூன்றாவது சோதனை செய்தித்தாள். ஒரு தாளை மேலே பிடித்துக்கொண்டு, கத்தியின் அடியிலிருந்து, அதாவது கைப்பிடியை ஒட்டிய பகுதியிலிருந்து, நுனி வரை முழு நீளத்தையும் ஓட்டி வெட்டுங்கள். தாள் எந்த இடத்தில் சிக்கிக் கிழிகிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு. அங்கே முதுகில் பென்சிலால் ஒரு குறி போட்டு வையுங்கள். பிறகு திரும்பிப் பார்க்க அது உதவும்.

கம்பியில் இழுக்கும் முறை

கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இழுக்கும் விதத்திலிருந்தே வருகின்றன. ஆகவே முதலில் இதைச் சரிசெய்துவிடுவது நல்லது.

மடித்த ஈரத்துணியைப் பலகையில் வைத்து, கம்பியின் நுனியை அதன் மேல் ஊன்றி, செங்குத்தாக நிறுத்துங்கள். அந்தரத்தில் பிடித்துக்கொண்டு 'சளக் சளக்' என்று வேகமாக உரசுவது பார்க்க அழகாக இருக்கும். கோணம் ஒவ்வொரு இழுப்புக்கும் மாறிவிடும் என்பதால் வீட்டில் அதைச் செய்யாமலிருப்பதே மேல். கம்பியின் நீளம் கத்தி அலகின் நீளத்துக்குக் குறையக்கூடாது. 20 செ.மீ. கத்திக்கு 25 செ.மீ. கம்பி வசதியாக இருக்கும்.

கம்பியின் கைப்பிடிக்குக் கீழே சுமார் 2 செ.மீ. விட்டு, கத்தியின் அடிப்பகுதியைக் கம்பியில் வையுங்கள். கீழே இறக்கிக்கொண்டே உங்கள் பக்கமாக இழுங்கள். கம்பியின் முடிவுக்கு வரும்போது கத்தியின் நுனியும் வந்து சேர வேண்டும். ஒரு இழுப்புக்கு ஒன்றரை அல்லது இரண்டு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பக்கத்துக்கு 4 முதல் 6 வரை போதும்.

கோணம் பற்றி: ஐரோப்பிய பாணிக் கத்திகள் பெரும்பாலும் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வரையிலும், ஜப்பானிய பாணிக் கத்திகள் 10 முதல் 15 டிகிரி வரையிலும் தீட்டப்பட்டிருக்கும். டிகிரியைக் கண்ணால் அளக்க முடியாது. கம்பிக்கும் கத்தியின் முதுகுக்கும் உள்ள இடைவெளியை அளக்கலாம். வாயிலிருந்து முதுகு வரை 45 மி.மீ. அகலமுள்ள கத்திக்கு 15 டிகிரி என்றால் முதுகு கம்பியிலிருந்து கிட்டத்தட்ட 12 மி.மீ. தள்ளி நிற்கும், 20 டிகிரி என்றால் 15 மி.மீ. சற்று மேலே. 30 மி.மீ. அகலமுள்ள சிறிய கத்திக்கு அதே இடைவெளிகள் 8 மி.மீ., 10 மி.மீ. என்று குறையும். பெரிய கத்திக்குப் பழகிய கையோடு சின்னக் கத்தியை எடுக்கும்போது கோணம் அதிகமாகிவிடுவது இதனால்தான்.

அழுத்தம்? கத்தியின் சொந்த எடை அளவு போதும், அதாவது 200 கிராம் அளவில். சமையல் தராசின் மேல் கத்தியின் முதுகை வைத்து 200 கிராம் காட்டும்வரை அழுத்திப் பாருங்கள். நினைத்ததைவிட எவ்வளவு லேசானது என்று கைக்கே புரியும். உருண்டைக் கம்பியும் மெல்லிய வாயும் தொடும் இடம் ஊசிமுனை அளவுதான். கையில் லேசாகத் தெரியும் அழுத்தம் அந்தப் புள்ளியில் பல மடங்காகிறது.

"எத்தனை தடவை இழுத்தும் ஒரு மாற்றமும் இல்லை"

மேலே சொன்ன விளக்குச் சோதனையும் விரல் சோதனையும் தேய்மானம் என்று காட்டினால் இங்கேயே நிறுத்திவிட்டு, சாணைக்கல்லுக்குப் போங்கள். 1000 கிரிட் கல் சாதாரணத் தேய்மானத்துக்குப் போதுமானது (கிரிட் என்பது கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்; எண் கூடக் கூடக் கல் மென்மையாகும்).

மடிப்புதான் என்று உறுதியாகத் தெரிந்தும் மாற்றம் இல்லையென்றால், கம்பி வாயைத் தொடவே இல்லை என்று பொருள். மார்க்கர் பேனாவை எடுத்து வாயின் ஓரம் முழுவதும் இரண்டு பக்கமும் மை பூசுங்கள். பக்கத்துக்கு ஒரு இழுப்பு மட்டும் இழுத்துவிட்டுப் பாருங்கள்.

வாயின் விளிம்பில் மை அப்படியே இருக்க, அதற்கு மேலே சரிவு (வாயை நோக்கிச் சாய்வாகத் தீட்டிய பட்டை) தொடங்கும் தோள்பட்டையில் மட்டும் அழிந்திருந்தால் கத்தியை மிகவும் படுக்கையாகப் பிடித்திருக்கிறீர்கள். முதுகைக் கம்பியிலிருந்து 2 மி.மீ. தள்ளி எடுத்து மறுபடி சோதியுங்கள். விளிம்பில் மயிரிழை அளவுக்கு மட்டும் அழிந்து, சரிவு முழுவதும் மை இருந்தால் தீட்டிய கோணத்தைவிடச் சற்று நிமிர்த்திப் பிடித்திருக்கிறீர்கள். இதில் தவறில்லை, ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகப் பிடிப்பதுதான் கம்பிக்குச் சரி. அதற்கு மேல் நிமிர்த்தினால் வாய் தடிக்கத் தொடங்கும்.

இந்த மார்க்கர் சோதனை ஒரு நிமிட வேலை. கோணம் பற்றிய சந்தேகங்களுக்கு இதைவிட நேர்மையான பதில் வேறு எதிலும் கிடைக்காது. புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் பத்து நாளும் இதைச் செய்வது வீண்போகாது.

"போட்டவுடன் நன்றாக வெட்டுகிறது, ஐந்து நிமிடத்தில் மழுங்கிவிடுகிறது"

இதுதான் அதிகம் பேரைக் குழப்பும் அறிகுறி. காரணம் பெரும்பாலும் பிசிர். அழுத்தி இழுக்கும்போது வாயின் உலோகம் மெல்லிய தகடுபோல் பிதுங்கி நீண்டுவிடுகிறது. அந்தப் பிசிர் நேராக நிற்கும்வரை கத்தி பயங்கரக் கூராக இருக்கும். நாலு வெட்டு வெட்டியதும் அது சாய்ந்துவிடும் அல்லது ஒடிந்து விழும். ஒடிந்த இடத்தில் மிஞ்சுவது மொட்டை வாய்.

சரிசெய்ய, முதலில் அழுத்தத்தைப் பாதியாக்கி, மாற்றி மாற்றிப் பக்கத்துக்கு 3 இழுப்பு. பிறகு அதையும் பாதியாக்கி 2 இழுப்பு. கடைசி இழுப்பில் கத்தி கம்பியைத் தொடுகிறது என்ற உணர்வு மட்டும் இருந்தால் போதும். அதன்பின் செய்தித்தாளை நான்காக மடித்துச் சமமான பலகையில் வைத்து, கத்தியின் முதுகு முன்னே போகும்படி, வாய் பின்னால் வரும்படி, பக்கத்துக்கு 10 தடவை இழுங்கள். தோல்பட்டை (கத்தி தீட்டப் பயன்படுத்தும் தோல்வார்) இருந்தால் இன்னும் நல்லது. வாயை முன்னே தள்ளினால் தாளும் கிழியும், தோலும் கிழியும்.

இவ்வளவு செய்தும் கூர் நிற்கவில்லையென்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, வெட்டுப்பலகை. கண்ணாடி, கருங்கல், எஃகு ஆகியவற்றின் மேல் வெட்டினால் எந்தக் கத்தியும் நிற்காது. மரம் அல்லது மென்மையான பிளாஸ்டிக் பலகைக்கு மாறுங்கள். வெட்டியதை ஓரம் தள்ளும்போது வாயால் பலகையைச் சுரண்டுவதும் இதே சேதத்தைச் செய்யும்; கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். இரண்டு, உலோகத்தின் களைப்பு. மெல்லிய கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிவதுபோல, மடிந்து நிமிர்ந்து மடிந்து நிமிர்ந்து வாயின் உலோகம் பலமிழந்துவிடுகிறது. அந்தப் பலமிழந்த பகுதியைக் கல்லில் தேய்த்து எடுத்துவிட்டுப் புது உலோகத்துக்குப் போக வேண்டும்.

"வெட்டும்போது கத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறது"

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கவில்லை. வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்குக் கம்பியின் ஒரு பக்கத்தில் மணிக்கட்டு இயல்பாக வளையும், மறுபக்கத்தில் இறுகும். இரண்டு கோணங்களும் வெவ்வேறாகிவிடும். ஒரு பக்கம் பத்து இழுத்துவிட்டு மறுபக்கம் பத்து இழுப்பவர்களுக்கும் இதே கதைதான்: கடைசியாக இழுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வாய் சாய்ந்து நிற்கும்.

விரல் சோதனையில் எந்தப் பக்கம் தட்டுகிறதோ அந்தப் பக்கத்தைக் கம்பியில் வைத்து, மிக லேசாக 2 இழுப்பு இழுங்கள். மறுபடி விரலால் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆனதும், மாற்றி மாற்றி இரண்டிரண்டு இழுத்து முடியுங்கள். கத்தியைக் கல்லில் தீட்டும்போதே சரிவுகள் சமமாக இல்லாமல் போயிருந்தால் கம்பியால் அதை மாற்ற முடியாது.

ஒரு விலக்கு: ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்துச் செய்த ஜப்பானிய பாணிக் கத்திகளைத் தீட்டுக்கம்பியில் போடவே கூடாது. தட்டையாக இருக்க வேண்டிய பின்பக்கத்தில் புதுச் சரிவு விழுந்தால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

"நடுவில் வெட்டுகிறது, நுனியிலும் அடியிலும் வெட்டவில்லை"

நுனி: அநேகமாக இழுப்பு நுனி வரை போகவில்லை, அல்லது கடைசி நொடியில் மணிக்கட்டு திரும்பிக் கோணம் மாறிவிட்டது. மணிக்கட்டைப் பூட்டிவைத்து முழங்கையைப் பின்னால் இழுங்கள். கடைசி 5 செ.மீ.க்கு மட்டும் மார்க்கர் பூசி, அந்தப் பகுதியை மட்டும் தனியாக இழுத்துப் பழகலாம். நுனி கம்பியை விட்டு வழுக்கி விழ விடாதீர்கள். கம்பியின் மேலேயே நிறுத்தி எடுங்கள். ஒவ்வொரு தடவையும் வழுக்கி விழுந்தால் கூரான நுனி சில மாதங்களில் மொட்டையாகிவிடும்.

அடி: அடியைக் கம்பியில் சரியாக வைக்காமல் 2 செ.மீ. தள்ளித் தொடங்குவதுதான் காரணம். ஆனால் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே வாய் வரை இறங்கும் தடித்த உலோகக் கட்டை உள்ள கத்திகளில் வேறு சிக்கல் உண்டு. அந்தக் கட்டை கம்பியிலும் கல்லிலும் இடித்துக்கொண்டு, அடிப்பகுதியின் வாயைத் தொட விடாது. மற்ற இடங்கள் தேயும், கட்டை தேயாது. சில வருடங்களில் கட்டைக்கு முன்னால் வாய் குழிந்துவிடும்.

இதற்கு ஒரு தெளிவான அடையாளம் இருக்கிறது. வெட்டியது முழுசாகப் பிரியாமல் மாலை கோத்ததுபோல் ஒன்றோடொன்று தொங்கும். கத்தியின் வாயைச் சமமான பலகையில் நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் குழிதான். கட்டையின் கீழ்ப்பகுதியைத் தேய்த்துக் குறைத்து, வாய் முழுவதையும் ஒரே வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைச் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதே உசிதம். இயந்திரத்தில் வாய் நீலம் பாய்ந்தால் சூட்டில் உலோகத்தின் பதமே போய்விட்டது என்று அர்த்தம். அதனால் அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

"கம்பி போட்ட பிறகு வாயில் பல் விழுந்திருக்கிறது"

கத்திக்கும் கம்பிக்கும் பொருத்தமில்லை. எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். ஐரோப்பிய பாணிக் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 58 வரை. ஜப்பானிய பாணிக் கத்திகள் 60க்கு மேல். 54 உள்ள எஃகு மோதினால் வளையும். 62 உள்ள எஃகு மோதினால் உடையும். கடினமான கத்தி மழுங்குவது தேய்ந்தும் நுண்ணிய பல் விழுந்தும்தான், மடிந்து அல்ல. நிமிர்த்த அங்கே அதிகம் எதுவும் இல்லை. கோடு போட்ட எஃகுக் கம்பியில் அதை இழுத்தால் ஒவ்வொரு கோடும் ஒரு சின்ன அடிபோல் விழுந்து வாயை உடைக்கும்.

60க்கு மேற்பட்ட கத்திகளுக்கு வழுவழுப்பான பீங்கான் கம்பியை, மிக லேசான கையோடு, பக்கத்துக்கு 2 அல்லது 3 இழுப்பு மட்டும் பயன்படுத்துங்கள். தோல்பட்டையே போதும் என்றால் அதுவே சிறந்தது. விழுந்த பல்லைக் கம்பியால் எடுக்க முயல வேண்டாம். 400 கிரிட் அளவுள்ள கல்லில் தொடங்கிப் பல் மறையும்வரை தேய்த்து, பிறகு 1000 கிரிட்டுக்குப் போங்கள்.

மென்மையான கத்தியிலும் பல் விழுந்தால், இழுப்பின் தொடக்கத்தில் கத்தியைக் கம்பியில் 'டக்'கென்று அடிக்கிறீர்களா என்று கவனியுங்கள். முதலில் தொட வேண்டும், பிறகு நகர வேண்டும்.

"கம்பியில் வழுக்குகிறது, பிடிப்பே இல்லை"

பீங்கான் கம்பி என்றால் அதன் நுண்துளைகளில் உலோகத்தூள் அடைத்திருக்கும். வெள்ளைக் கம்பியில் சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தால் அதுதான். பாத்திரம் தேய்க்கும் தூளைத் தண்ணீரில் குழைத்து, நாரால் தேய்த்துக் கழுவி, முழுசாக உலர்த்துங்கள். லேசான படிவத்துக்குப் பென்சில் அழிக்கும் ரப்பரே போதும். பீங்கான் கம்பி கீழே விழுந்தால் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் பயன்படுத்தக்கூடாது; ஓரம் சிதைந்த இடம் கத்தியைக் கீறும்.

எஃகுக் கம்பியில் கோடுகள் தேய்ந்துபோனால் அது வழுவழுப்பான கம்பியாக வேலை செய்யும். மென்மையான கத்திகளை நிமிர்த்த அதுவும் நல்ல கருவிதான், தூக்கிப் போட வேண்டாம். மேல்பூச்சு உரிந்து செதில் செதிலாக எழும்பியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். கம்பியில் எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தூள் ஒட்டிக்கொள்வதைத் தவிர வேறு பயன் இல்லை.

வைரத்தூள் பூசிய கம்பி தனி இனம். அது நிமிர்த்துவதைவிடத் தேய்ப்பதுதான் அதிகம். தினமும் இழுத்தால் கத்தி வேகமாகக் கரையும், வாயும் ரம்பம்போல் கரடுமுரடாகும். கல் எடுக்க நேரமில்லாத நாளில் பக்கத்துக்கு 3 லேசான இழுப்பு என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"நறநறவென்று சத்தம்; கையில் அதிர்கிறது"

சரியான இழுப்பில் ஒரே சீரான மெல்லிய ஒலிதான் வரும். ஒரே இடத்தில் மட்டும் தடங்கல் வந்தால், அது கத்தியில் இருக்கிறதா கம்பியில் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். வேறொரு கத்தியை லேசாக ஓட்டியும் கம்பியின் அதே உயரத்தில் தடுக்கினால் கம்பியில் அடிபட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திருப்பிவைத்து மறுபக்கத்தைப் பயன்படுத்தலாம். கம்பியை மற்ற பாத்திரங்களோடு இழுப்பறையில் போட்டு வைப்பதால் வரும் சேதம் இது; தொங்கவிட்டு வைத்தால் வராது.

"அலகின் பக்கங்களில் கீறல்"

கத்தியை மிகவும் படுக்கவைத்து இழுக்கிறீர்கள். மார்க்கர் சோதனைக்குத் திரும்பிப் போங்கள். கீறல் அழகைக் கெடுக்கும், வெட்டுவதைக் கெடுக்காது.

"வெட்டிய பொருளில் கறுப்புத் தூள்"

கம்பியில் இழுத்த ஒவ்வொரு தடவையும் உலோகத்தூள் வாயில் ஒட்டியிருக்கும். சில கம்பிகளைத் தூளைப் பிடித்து வைக்கக் காந்தமாக்கியே விற்கிறார்கள். அதிலிருந்து கத்திக்கும் கொஞ்சம் திரும்ப வரும். ஈரத்துணியை முதுகுப் பக்கத்திலிருந்து மடித்துப் பிடித்து, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். கம்பியையும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

கம்பி போடக்கூடாத கத்திகள்

பீங்கான் கத்தியை எந்தக் கம்பியிலும் இழுக்காதீர்கள், உடையும். பல் வைத்த ரொட்டிக் கத்தியைச் சாதாரணக் கம்பியில் இழுத்தால் பற்களின் கூர்தான் மழுங்கும். அதற்கு நுனி நோக்கிக் குறுகும் மெல்லிய கம்பி தேவை. சரிவுள்ள பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு மூன்று தடவை தள்ளி, பின்பக்கத்தில் எழும் பிசிரைச் செய்தித்தாளில் ஒரு தடவை இழுத்து எடுத்துவிட வேண்டும்.

"முன்பெல்லாம் ஒரு வாரம் நிற்கும், இப்போது தினமும் போட வேண்டியிருக்கிறது"

கம்பி சுரண்டும் சிறிதளவு உலோகம் சேர்ந்து சேர்ந்து, வாயின் விளிம்பில் தடிமனான குட்டிச் சரிவு ஒன்றை உருவாக்கிவிட்டது. மார்க்கர் பூசி இழுத்தால் மை அழியும் பட்டை முன்பைவிட அகலமாகத் தெரியும். அந்தப் பட்டை அரை மில்லிமீட்டரை எட்டும்முன் கல்லுக்குப் போவது நல்லது. கல்லில் அந்தக் குட்டிச் சரிவு முழுசாக மறைந்து, ஒரு பக்கம் நீளம் முழுவதும் பிசிர் எழும்வரை தேயுங்கள். மறுபக்கமும் அவ்வாறே. பிசிரை எடுத்தபின் கம்பியில் பக்கத்துக்கு 2 இழுப்பு மட்டும் இழுத்து, தாளை வெட்டிப் பாருங்கள். முன்பு பென்சில் குறி போட்ட இடத்தைத் தாண்டும்போதும் தாள் சிக்காமல் பிரிந்தால் அந்தக் குறியை அழித்துவிடலாம்.